புது ஆள் அடித்த பிரைமர்

ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். கவரைப் பிரித்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நானும் உன் அண்ணியும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி மட்டும் அவ்வப்போது வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? பெரியவள் எட்டாவதா, ஒன்பதாவதா? இதுகூடத் தெரியாமல் ஒரு தாய்மாமன் இருக்கிறானே என்று சிரிப்பாய்.

அப்பா போனபோது வந்து நின்றேன். அதற்குப் பிறகு ஆறு வருஷமாக ஒரு வரி எழுதவில்லை. காரணம் சொல்ல ஆரம்பித்தால் பொய்தான் வரும், விட்டுவிடுகிறேன்.

இப்போது எழுதுவது தொழில் விஷயமாக. எங்கள் பட்டறைக்கு ஆறு பள்ளி வேன்கள் வந்திருக்கின்றன. பழைய பெயின்டைத் தகடு வரைக்கும் சுரண்டிவிட்டு, அடிப்பூச்சாக எபாக்சி பிரைமர் அடித்து, அதன் மேல் மஞ்சள் அடிக்க வேண்டும். இங்கே ஒரு புது ஆள் சேர்ந்திருக்கிறார். அவர் அடிக்கும் பிரைமர் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று நிற்கிறது. என்ன ஏது என்று கேட்டால் முழிக்கிறார். எனக்கோ மற்ற வேலைகளில் தலை நிமிர நேரமில்லை. நீ பஸ் கட்டும் பட்டறையில் பெயின்ட் பிரிவுக்கே பொறுப்பாக இருப்பதாக அப்பாவின் காரியத்தன்று மாப்பிள்ளை சொன்னார். அதனால்தான் கேட்கிறேன், அந்த ஆளுக்காக.

நேரமிருந்தால் பதில் போடு. போடாவிட்டாலும் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

அன்புடன்,
அண்ணன்

ஜனவரி 21

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். பெரியவள் ஒன்பதாவது. சின்னவன் ஐந்தாவது. "நமக்கு மாமா இருக்காரா?" என்று அவன் கேட்டான். இருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அண்ணியைப் படி ஏறி இறங்குவதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட விஷயம். சொரசொரப்பு என்றால் பிரைமர் ஈரமாகப் போய் உட்காரவில்லை, வழியிலேயே காய்ந்து தூளாக விழுகிறது என்று அர்த்தம். ஸ்ப்ரே கன்னைத் தகட்டிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தள்ளிப் பிடித்தால் அப்படி ஆகும். காற்று அதிகம் வைத்தாலும் ஆகும். காற்றழுத்தத்தை விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். சும்மா தொங்கவிட்டுப் பார்த்தால் மீட்டர் பொய் சொல்லும்.

முதலில் ஓர் அட்டையில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விழும் தடம் முட்டை வடிவில், இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் கன்னின் முன்மூடியைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி அடிக்கட்டும். கனமும் கூடவே திரும்பினால் மூடியில் அடைப்பு. திரும்பாவிட்டால் பெயின்ட் வெளியே வரும் நாசிலில் அடைப்பு. பிரைமரை இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்த பிறகு அரை மணி நேரம் சும்மா வைத்திருக்கிறாரா? தகடு சில்லென்று இருக்கிறதா? கம்ப்ரசரில் தண்ணீரை வடிக்கிறார்களா?

அந்த ஆளுக்கு எத்தனை வருஷ அனுபவம் என்று எழுதவில்லையே. தெரிந்தால் சொல்லச் சௌகரியம்.

எல்லோருக்கும் எங்கள் விசாரிப்பு.

தங்கை

பிப்ரவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் உன் அண்ணி கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். படித்துவிட்டு, "இது என்ன, சுகம் விசாரிக்க எழுதுனதா, வண்டி ரிப்பேர் புஸ்தகமா?" என்றாள். அவளும் நானும் சுகமே. சின்னவனுக்கு மாமாவின் முத்தம்.

சொன்னதெல்லாம் செய்தாயிற்று. அட்டையில் தடம் அழகாக விழுகிறது. காற்று சரி. கம்ப்ரசரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அரை மணிக்கு மேலேயே வைக்கிறோம். ஆனால் வேனில் அடித்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். கதவுப் பக்கம் சொரசொரப்பு, இரண்டடி தள்ளி வழிந்து திரை மாதிரி தொங்குகிறது. இன்னொன்றும் உண்டு. மூன்று நாள் ஆகியும் பிரைமர் இறுகவில்லை. நகத்தால் கீறினால் மெழுகு மாதிரி வருகிறது.

அந்த ஆளைத் தப்பாக நினைக்காதே. அனுபவம் இல்லாதவர் இல்லை. ஒரு காலத்தில் நல்ல கை என்று பெயர் வாங்கியவராம். இப்போது ஏதோ கிரகம்.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 17

அண்ணனுக்கு,

நலம். மாப்பிள்ளை ஒரு வாரம் சளியில் படுத்து எழுந்தார். அண்ணியிடம் சொல்லுங்கள், சுகம் விசாரிப்பதையும் ரிப்பேரையும் ஒரே காகிதத்தில் முடிப்பதுதான் எங்கள் வீட்டுச் சிக்கனம்.

இறுகாததற்குக் காரணம் ஹார்ட்னர் குறைவு. கலக்கும் கோப்பையில் கோடுகள் பொடிப்பொடியாக, நாலைந்து வரிசையாக இருக்கும். வரிசை மாறிப் பார்த்தால் போச்சு. கோப்பையை விடுங்கள். நேரான ஒரு டப்பாவில் குச்சியை நிறுத்தி, சமமாக மூன்று கோடு கீறிக்கொள்ளட்டும். இரண்டு கோடு வரை பிரைமர், மூன்றாவது வரை ஹார்ட்னர். தொட்டுப் பார்த்தே கலக்கலாம்.

மற்றதைக் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன். கன்னில் கோளாறு என்றால் வேன் முழுக்க ஒரே மாதிரி கெடும். இங்கே வறட்சி, அங்கே வழிசல் என்றால் அது கன் இல்லை, ஆள். கை தெரிந்த ஆளுக்கு இப்படி வருகிறதென்றால் அவருக்கு ஈரம் தெரியவில்லை. அடித்த இடம் பளபளக்கிறதா, எங்கே விட்டோம், எங்கே மறுபடி போனோம் என்பது கண்ணுக்குத் தெரியவில்லை. என் மாமியாருக்குக் கண்புரை வந்தபோது காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுவார்கள். எரிகிற விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றிப் புகை மாதிரி வளையம் தெரிகிறதா என்று கேளுங்கள்.

எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள், அண்ணா. தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவருக்கு வெட்கமாக இருக்கும்.

தங்கை

மார்ச் 2

தங்கைக்கு,

நாங்கள் சுகம். மாப்பிள்ளை தேறிவிட்டார் என்பதில் சந்தோஷம்.

கேட்டேன். கண் நன்றாகத் தெரிகிறது என்கிறார். கலக்குவதில்தான் தப்பு நடந்திருக்கிறது, முதலாளி கண்டுபிடித்து ஓர் ஆளை நிறுத்திவிட்டார். அதனால் விஷயம் முடிந்தது. உனக்கு வீண் சிரமம் கொடுத்துவிட்டேன்.

அண்ணன்

மார்ச் 15

அண்ணனுக்கு,

எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம். அண்ணியின் கால் எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை நீங்கள் எழுதவில்லை.

நிறுத்தியது யாரை? அடித்தவரையா? கலக்கியவர் வேறு, அடித்தவர் வேறா? அப்படியானால் வழிந்ததும் வறண்டதும் யாரால்? அந்த மனிதர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்?

இன்னொன்று. சின்ன வயதில் நீங்கள் ஒரு பக்கத்தில் நாற்பது வரி எழுதுவீர்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் என்று வாத்தியார் திட்டுவார். இப்போது பக்கத்துக்குப் பத்து வரி. எழுத்து ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு. கவரின் மேல் விலாசம் அண்ணியின் கையெழுத்தில் இருக்கிறது.

சும்மா கேட்டேன்.

தங்கை

ஏப்ரல் 12

என் அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். முழங்கால் பரவாயில்லை. நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் அண்ணனுக்கு நீ என்ன எழுதினாய்? திட்டினாயா? திட்டியிருந்தாலும் காரணம் இருக்கும், நான் கோபிக்க மாட்டேன். மார்ச்சில் உன் கடிதம் வந்ததிலிருந்து வேலைக்குப் போகிறார், வருகிறார், நாற்காலியில் உட்காருகிறார். எழுத ஆரம்பிப்பார், கிழிப்பார். கூடை நிறையக் காகிதம். ஒன்றில்கூட "அன்புள்ள தங்கைக்கு" என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை.

"பட்டறையில ஏதாவது தகராறா?" என்று கேட்டேன். "என்னோட யார் தகராறு பண்ணுவா? நான்தான் பெரிய மனுஷனாச்சே" என்றார். சொன்ன விதம் நன்றாக இல்லை.

நீ அவசரப்படாதே. அவர் எழுதுவார். எழுதும்வரை நீயும் கடிதத்தை நிறுத்திவிடாதே என்று கேட்கத்தான் இது.

உன் அண்ணி

மே 3

சுண்டு,

பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்த பிறகு கூப்பிடலாமா கூடாதா என்று நீ முடிவு செய். சுகம் விசாரிக்கும் யோக்கியதை இன்றைக்கு எனக்கு இல்லை. ஆனாலும் நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

புது ஆள் யாரும் இல்லை. அது நான்.

முப்பது வருஷம் கன் பிடித்தவன், ஐம்பது வயதில், தங்கையிடம் போய் "எனக்குப் பிரைமர் அடிக்க வரவில்லை" என்று எழுத முடியவில்லை. அதனால் ஓர் ஆளை உண்டாக்கினேன். உன் கடிதம் வந்த அன்றே விளக்கைப் பார்த்தேன். வளையம் இருந்தது. இரண்டு வருஷமாகவே இருக்கிறது. பல்பு மட்டம் என்று முதலாளியிடம் சண்டை போட்டு மூன்று தடவை மாற்ற வைத்திருக்கிறேன்.

வேலையை விட்டு நிறுத்தப்பட்டவரைப் பற்றிக் கேட்டாயே. அவரை டேப்பு என்று கூப்பிடுவோம். நான் பெயின்ட் அடிக்கும் முன் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் டேப்பும் காகிதமும் ஒட்டுகிறவர். என் வயதுதான் இருக்கும். பேசினால் திக்கும், அதனால் பேசமாட்டார். மனைவி இல்லை, ஒரு பெண் பிள்ளை. என் கண்ணைப் பற்றி எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும். நான் அடித்து முடித்ததும் பக்கத்தில் வந்து, "அண்ணே, அந்த ஓ... ஓரம் ஒருதடவை பாருங்க" என்பார். யாருக்கும் கேட்காமல் சொல்வார். நான் போய் அந்த ஓரத்தைச் சரிசெய்வேன். இப்படித்தான் ஒரு வருஷம் ஓடியது. வேன்கள் வந்தபோது வேலை அதிகம், டப்பா எடுத்துக் கொடுக்கவும் சாமான் தூக்கவும் அவரை ஓட விட்டார்கள், என் பக்கத்தில் நிற்க அவருக்கு நேரமில்லை. என் சாயம் வெளுத்தது.

மூன்றாவது வேனில் முதலாளி நகத்தை வைத்துக் கீறினார். பிரைமர் சுருண்டு வந்தது. எல்லோரும் கூடி நின்றோம்.

"இதை யாருய்யா கலக்குனது?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் டேப்புவைப் பார்த்தேன். அவ்வளவுதான், வாயைத் திறந்து நான் யார் பெயரையும் சொல்லவில்லை.

இல்லை. இதுவும் பொய். சொன்னேன்.

"டேப்புதான் டப்பா எடுத்துக் குடுத்தாரு. அவசரத்துல அளவு பாக்காம ஊத்திட்டாரு போல" என்றேன்.

டேப்பு, "நா... நான்..." என்று ஆரம்பித்தார். முடிக்கும்வரை நின்று கேட்க முதலாளிக்குப் பொறுமை இல்லை. டேப்பு என் முகத்தைப் பார்த்தார், நான் சொல்வேன் என்று. நான் வேனின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் கத்தியையும் டேப் உருளைகளையும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது டாக்டர் கார் ஞாபகம் வந்தது. உனக்கும் ஞாபகம் இருக்கும். அப்பாவின் பட்டறையில் நீயும் நானும் சேர்ந்து செய்த வேலை. ஒரே மாதத்தில் பானெட்டெல்லாம் மீன் கண் மாதிரி குழி குழியாகி, தோல் உரிந்து வந்ததே, அந்தக் கார். பிரைமருக்கு முன்னால் தகட்டைத் துடைத்தது நான். பாலிஷ் போட்ட பழந்துணியால் துடைத்தேன். சுத்தத் துணி எடுக்கச் சோம்பல். அப்பா கேட்டபோது "சுண்டுதான் துடைச்சா" என்றேன். அப்பா உன் கையிலிருந்து கன்னை வாங்கி ஆணியில் மாட்டினார். அந்த வருஷமே உனக்குக் கல்யாணம். ஆறு வருஷம் கடிதம் போடாததற்குக் காரணம் இதுதான். பஸ் பட்டறையில் நீ கன் பிடிக்கிறாய் என்று கேள்விப்பட்ட பிறகு உன் முகத்தில் எப்படி முழிப்பது?

இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் செய்திருக்கிறேன். எதிர்த்துப் பேசாத ஆளாகப் பார்த்து.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

அண்ணன்

மே 20

அண்ணா,

நான் சுகம். நீ சுகமா என்று இன்றைக்குக் கேட்கப் போவதில்லை.

அந்தத் துணியை அன்றைக்கே நான் குப்பையிலிருந்து எடுத்து முகர்ந்து பார்த்தேன். பாலிஷ் வாடை அடித்தது. யார் கையில் இருந்த துணி என்றும் தெரியும். அப்பாவிடம் காட்ட எடுத்துக்கொண்டு வந்தேன். நீ கம்ப்ரசருக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாய். இருபத்தெட்டு வயது ஆம்பளை அழுது நான் பார்த்ததில்லை. சரி, இவனே போய்ச் சொல்லிவிடுவான் என்று துணியைத் திரும்பப் போட்டுவிட்டேன். காத்திருந்தேன். இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று, அண்ணா. அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

உன் முதல் கடிதத்திலேயே புது ஆள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு வெட்கம், இருக்கட்டும் என்று நானும் நாடகத்தில் சேர்ந்துகொண்டேன். நடுவில் இன்னொருவர் வயிற்றில் அடிப்பாய் என்று நினைக்கவில்லை. தெரிந்திருந்தால் பிப்ரவரியிலேயே உடைத்துக் கேட்டிருப்பேன். அந்தப் பாவத்தில் எனக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது.

பஸ் பட்டறையில் நான் எடுத்த எடுப்பில் கன் பிடித்தேன் என்று நினைத்தாயா? நாலு வருஷம் டேப் ஒட்டினேன். குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போகும். ஒட்டுகிறவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. பெயின்ட் கெட்டால் மட்டும் தெரியும்.

மன்னித்தேன் என்று எழுதக் கை வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதி அழுததெல்லாம் போதும். டேப்பு எங்கே இருக்கிறார் என்று தேடு. முதலில் உன் முதலாளியிடம் போ, எல்லார் முன்னாலும் சொல். அவரைப் பழி சொன்னது எல்லார் முன்னாலும்தானே?

கண்ணைக் காட்டு. அண்ணியிடம் மறைக்காதே.

தங்கை

ஜூலை 11

அன்புள்ள சுண்டு,

உன் அண்ணியும் நானும் நலம். அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்திருக்கும். திட்டித்தான் எழுதியிருந்தாய், ஆனாலும் பழையபடி "நீ" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பட்டறைக்குப் போனேன்.

காலை டீ நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். "கலக்குனது நான். அடிச்சதும் நான். எனக்குக் கண்ணு தெரியல. டேப்பு மேல பொய் சொன்னேன்." முதலாளி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "கன்னை வைங்க" என்றார், அவ்வளவுதான். வைத்தேன். கெட்டுப்போன மூன்று வேன்களையும் என் கையாலேயே தகடு வரைக்கும் தேய்த்துக் கொடுக்கிறேன் என்று கேட்டேன். சரி என்றார். ஐந்து வாரம் தேய்த்தேன். இறங்கிய வெள்ளைத் தூளில் என் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. யாரும் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

டேப்புவைக் கண்டுபிடிக்க நாளாயிற்று. சைக்கிள் கடை ஒன்றின் மாடியில் ஓர் அறை. மேஜை நாற்காலி செய்கிற இடத்தில் மரத்துக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். கதவைத் திறந்தவர் அதைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். நடந்ததைச் சொன்னேன். முதலாளி திரும்பக் கூப்பிடுகிறார் என்றும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதைக் கேட்டு முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. நான் நின்று கேட்டேன்.

"ஏ... ஏன் அண்ணே, என்னைய?"

"நீங்க எதிர்த்துப் பேசமாட்டீங்கன்னு தெரியும். அதான்" என்றேன். அதற்கு நல்ல பதில் ஒன்று தேடிப் பார்த்தேன், சுண்டு. இல்லை.

அவர் கதவின் தாழ்ப்பாளைத் தடவினார். பிறகு, "முதலாளிகிட்ட சொ... சொல்லிட்டீங்க. என் பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்றார்.

அந்தப் பிள்ளை உள்ளே படித்துக்கொண்டிருந்தது. பதினாலு வயது இருக்கும். அப்பா வேலையைக் கெடுத்ததால் நிறுத்திவிட்டார்கள் என்று வகுப்புப் பிள்ளைகள் கேலி செய்தார்களாம். அந்த வேன்களில் ஒன்று அவள் பள்ளிக்குப் போகிற வேன். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். முதலாளி முன்னால் நிற்பது சுலபமாக இருந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது எனக்கும் திக்கிற்று.

முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ அப்பா எல்லாம் சரியாத்தான் செஞ்சாரா?" என்றாள்.

"சரியா செஞ்சாரும்மா. நான் கெடுத்ததைக்கூட அவர்தான் இத்தனை நாளா சரி பண்ணிக்கிட்டு இருந்தாரு."

எழுந்து போய் அவள் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டாள். நான் இறங்கி வந்துவிட்டேன்.

டேப்பு பட்டறைக்குத் திரும்பவில்லை. மர வேலையே போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அது அவர் விருப்பம்.

உன் அண்ணியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணுக்கு ஆகஸ்ட் இருபதில் ஆபரேஷன். கன்னைத் திரும்பக் கொடுப்பார்களா, தெரியாது. இப்போதைக்குத் தேய்க்கிறேன்.

இந்தக் கடிதத்துக்கு நீ பதில் போட வேண்டும் என்றில்லை.

அண்ணன்

ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நானும் மாப்பிள்ளையும் அங்கே இருப்போம். வேண்டாம் என்று எழுதாதே, டிக்கெட் எடுத்தாயிற்று. அண்ணியை ஓடியாடி எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல். மருந்து ஊற்ற, துணை இருக்க நான் இருக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை பஸ் பட்டறையில், பெயின்ட் அடிக்கும் கூண்டுக்குள் நின்று படித்தேன். முகமூடி போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. கல்யாணம் பேசும்போது அப்பா என்னைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில், "கொஞ்சம் கவனக் குறைவு. ஒரு காரையே கெடுத்துட்டா. பொறுத்துக்குங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு இந்த வீட்டில் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறது. பால் பொங்கினாலும் கார், சாவி தொலைந்தாலும் கார். மாமியார் போன பிறகு மாப்பிள்ளை சொல்கிறார், வேடிக்கையாகத்தான். இப்போது பெரியவள் சொல்கிறாள். போன வாரம் விருந்தாளிகள் முன்னால், "அம்மா சின்ன வயசுல ஒரு காரையே காலி பண்ணவங்க" என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இத்தனை வருஷமாக ஒரு தடவைகூட, அது நான் இல்லை என்று நான் சொன்னதில்லை. நான் சொன்னால் சாக்குச் சொல்கிற மாதிரி இருக்கும். அது உன் வாயால் வர வேண்டிய வார்த்தை.

கண் கட்டு அவிழ்த்து, டாக்டர் பயணம் போகலாம் என்று சொன்னதும் நீ இங்கே வா. அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா. சின்னவனுக்கு மாமாவைப் பார்க்க வேண்டுமாம். பெரியவளைக் கூப்பிட்டு உன் எதிரில் உட்கார வைக்கிறேன். மாப்பிள்ளையும் இருப்பார்.

அவர்களிடம் சொல். நான் பக்கத்திலேயே இருக்கிறேன். சொல்லி முடி, அதற்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம்.

உன்
சுண்டு